நாங்கள் எதை எண்ணுகிறோம்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

சென்ற மடலில், சில ஆண்டுகளாக நம் மருத்துவமனையில் நடந்துவரும் கணினிப் பதிவைப் பற்றியும், கடற்கரைக் கிராமங்களுக்கான காணொளி மருத்துவ ஆலோசனையைப் பற்றியும் எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு தாயார் எங்களுக்கு ஒரு கார்டு எழுதினார்கள். மாதந்தோறும் தம் ஓய்வூதியத்திலிருந்து தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர்கள். "நான் அனுப்புவது மருந்துக்கும் ஏழை நோயாளிகளின் கஞ்சிக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கம்ப்யூட்டரால் ஒருவருக்காவது சுகம் கிடைத்ததா?" என்று கேட்டிருந்தார்கள். குறைகூறும் எண்ணம் அதில் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டிருந்தார்கள். ஆனாலும் ஊழியர் கூட்டத்தில் அந்தக் கார்டு வாசிக்கப்பட்டபோது சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. எங்களிடம் பதில் இல்லை.

எண்கள் இருந்தன. எத்தனை பேருக்கு தேசிய நலவாழ்வு எண் எடுத்துக் கொடுத்தோம், எத்தனை காணொளி ஆலோசனைகள் நடந்தன, எத்தனை குறுஞ்செய்திகள் அனுப்பினோம் என்றெல்லாம் சென்ற மடலில் சந்தோஷத்தோடு அச்சிட்டிருந்தோம். அவற்றில் ஒன்றுகூட அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதிலாகவில்லை. ஆகவே இந்த மடலின் பெரும்பகுதியை அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தூத்துக்குடிக்காரர்களுக்குத் துறைமுகத்தை வைத்துச் சொன்னால் காரியம் எளிதில் விளங்கும். சரக்கு ஏற்றி நிற்கும் கப்பல் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று அறிய, ஒவ்வொரு மூட்டையாக இறக்கி நிறுக்க வேண்டியதில்லை. கப்பலின் விலாவில் முன்னும் பின்னும் நடுவிலும் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும். எங்கும் ஒரே முறையில் எழுதுவதால், கொழும்பில் பார்த்தவரும் தூத்துக்குடியில் பார்த்தவரும் ஒரே பொருள் கொள்ளுகிறார்கள். சுகாதாரத் துறையில் 'குறியீடு' என்பது இதுதான்: உள்ளே நடப்பதை வெளியே காட்டும் ஓர் எண். ஒரு கப்பலின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடும், அதே கப்பலின் நேற்றைய எண்ணோடும் வைத்துப் பார்ப்பது 'ஒப்பீடு'. எண்ணைத் தவறான இடத்தில் எழுதிவிட்டாலோ, கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போதும் எண் என்னவோ நன்றாகவே தெரியும்.

கணினிவழி மருத்துவ சேவைக்கு இப்படிப்பட்ட எண்களை எங்கே எழுதுவது என்று பல தேசங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய வடதேசங்கள் 2012ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்து, பொதுவான குறியீடுகளைத் தேடின. நோயாளி தன் மருத்துவப் பதிவைத் தானே பார்க்க முடிகிறதா, டாக்டர் எழுதும் மருந்துச்சீட்டு மின்வழியாக மருந்துக்கடைக்குப் போய்ச் சேருகிறதா என்பவை போன்ற காரியங்கள் அவை. பணம், படிப்பு, மின்சாரம் ஒன்றுக்கும் குறைவில்லாத தேசங்கள். அவர்களுக்கே, ஒரு சொல்லுக்கு எல்லாத் தேசத்திலும் ஒரே பொருள் கொடுப்பது பெரிய வேலையாயிருந்தது. பிறகு 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, டிஜிட்டல் நலவாழ்வுக்கான உலகத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. இன்று பல தேசங்கள் தங்கள் நிலையை ஏழு பிரிவுகளில், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஐந்து வரையான படிகளில், ஒரு பொதுவான ஏட்டில் பதிந்து ஒப்பிட்டுக்கொள்கின்றன. சட்டம், பணியாளர், கட்டமைப்பு, சேவை முதலியவை அந்தப் பிரிவுகள். இவை அரசாங்கங்களுக்கு வேண்டியவை. ஒரு கடற்கரை மருத்துவமனைக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம், எண்ணத் தொடங்குமுன் சொல்லின் பொருளை எழுதி வைக்கவேண்டும் என்பதே.

நம் தேசத்தில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2020 ஆகஸ்டு 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 'ஆபா' என்னும் 14 இலக்க எண். மருத்துவமனைகளுக்கு ஒரு பதிவேடு, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு பதிவேடு. எத்தனை எண்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை பதிவுகள் அவற்றோடு இணைக்கப்பட்டன என்பதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பலகையே வைத்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்திலேயே ஆபா எண்கள் 70 கோடியைத் தாண்டிவிட்டன. இ-சஞ்சீவனி என்னும் அரசின் காணொளி மருத்துவத்தில் 2024 முடிவதற்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட ஆலோசனைகள் நடந்திருக்கின்றன. இந்த எண்களை நாங்கள் இகழ்ந்து பேசவில்லை. கணக்கைப் பொதுமக்கள் முன் வைப்பதே நல்ல காரியம். ஆனால் நாங்கள் அந்தப் பலகையைப் பார்த்து எங்கள் பலகையை எழுதிவிட்டோம். அங்கேதான் தவறினோம்.

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரையில் எங்களுக்கு அந்தப் புத்தி முன்னமே இருந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அது நடந்த காலத்தில், கடலுக்கடியில் சிப்பி நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடனே குளிப்பைத் திறந்துவிட மாட்டார்கள். முதலில் பார்களைச் சோதிப்பார்கள். பார் என்பது சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டு. தொலாயிரம் பார் போன்ற பெயர்களைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லுவார்கள். அங்கிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்தைச் சலித்து, மதிப்புப் போடத் தெரிந்தவர்களைக் கொண்டு விலை போடுவார்கள். இத்தனை சிப்பிக்கு இவ்வளவு முத்து என்று தெரிந்தபிறகுதான் குளிப்புக்கு நாள் குறிப்பது. சிப்பி எத்தனை என்பது ஒரு கணக்கு. முத்து எவ்வளவு என்பது வேறு கணக்கு. நாங்கள் சிப்பியை எண்ணி உங்களுக்கு எழுதிவிட்டோம்.

அந்தக் கார்டு வந்த பிறகு எங்கள் செவிலியர்களும் பதிவு அறை ஊழியர்களும், ஒரே ஒரு மீனவக் கிராமத்தின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வீட்டில் உள்ள ஆளோடு சரிபார்க்கப் புறப்பட்டார்கள். முத்துச் சோதனையைப்போல ஒரு மாதிரிச் சோதனை. முழுக் கணக்கு இன்னும் முடியவில்லை. முடிந்தபின் நல்லதும் கெட்டதுமாக அப்படியே அச்சிடுவோம். ஆனால் கண்டவற்றில் சிலவற்றை இப்போதே சொல்லவேண்டும்.

ஒரே பெண்மணி மூன்று பேராகப் பதிவாகியிருந்தார்கள். குடும்பப் பெயர் ஓரிடத்தில் பர்னாந்து, ஓரிடத்தில் பெர்னாண்டோ, இன்னோரிடத்தில் வெறும் முதலெழுத்து. ஊரில் பாதிப்பேர் அந்தோணி, மிக்கேல், சவேரியார் என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் இது நடக்காதிருந்தால்தான் அதிசயம். அந்த அம்மாளின் சர்க்கரை அளவு ஒரு பதிவிலும், சிறுநீரகச் சோதனை இன்னொன்றிலும், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை மூன்றாவதிலும் கிடந்தன. எங்கள் மாத அறிக்கையில் அவர்கள் மூன்று பயனாளிகள்.

அடுத்தது தொலைபேசி. ஆபா எண் எடுக்க, ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான்; அது கணவரிடம் இருக்கும்; கணவர் கடலில் இருப்பார். மனைவியும் மாமியாரும் இங்கே பதிவு மேசையின்முன் காத்திருக்க, ஓ.டி.பி. பாட்டுக்கு வள்ளத்தில் போய் ஒலிக்கும், அதுவும் அங்கே சிக்னல் கிடைத்தால். விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆண்கள் கரையில் இருக்கும்போது எங்கள் பதிவு சுறுசுறுப்பாக நடக்கும். அதை நாங்கள் ஊழியரின் உற்சாகம் என்று நினைத்திருந்தோம்!

இதைவிடக் கனமான ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். முதற்பேறான ஒரு தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு வரவில்லை. கணினி தன் வேலையைச் செய்தது; இரண்டு முறையும் நினைவூட்டும் செய்தி போயிற்று. அது போனது கணவருடைய கைப்பேசிக்கு. அவர் கடலில் இருந்தார். ஓர் இரவு அந்தத் தாயை வலிப்போடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தேவ கிருபையால் தாய் பிழைத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. பின்பு நாங்கள் பதிவைத் திறந்து பார்த்தபோது, இரண்டு வரிகளிலும் 'செய்தி அனுப்பப்பட்டது' என்று பச்சை நிறத்தில் இருந்தது. அந்த மாத அறிக்கையில் அனுப்பிய செய்திகளின் கூட்டுத்தொகையில் அந்த இரண்டும் சேர்ந்திருந்தன.

அனுப்பியது எத்தனை என்பதல்ல, சேர்ந்தது எத்தனை, அதனால் வந்தவர்கள் எத்தனை, வராதவர்களை யார் தேடிப்போனார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'இத்தனை தாய்மார் வந்தார்கள்' என்ற எண் தனியே நின்றால் ஒன்றுமே சொல்லாது. வரவேண்டியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணைக் கீழே எழுதினால்தான் அது பேசும். நம் மாநிலத்தில் இந்தக் கீழ் எண் கிடைப்பது ஓர் ஆசீர்வாதம். ஒவ்வொரு கர்ப்பவதிக்கும் அரசு 12 இலக்கப் பதிவு எண் கொடுக்கிறது. தாய்மார் 'பிக்மி நம்பர்' என்று சொல்லுவது அதைத்தான். மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றுக்கும் கேட்கப்படுவதால் ஏறக்குறைய எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஓர் ஊரில் கர்ப்பவதிகள் எத்தனை பேர் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாங்கள் கேட்கவில்லை.

எதை எண்ணவேண்டும் என்பதில் எங்களுக்கு நல்ல மாதிரியாய் அமைந்தது தமிழ்நாட்டின் காசநோய்ப் பணி. காசநோய் கண்ட ஒவ்வொருவரையும் தனியார் மருத்துவமனைகளும் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 2012 முதல் அரசு உத்தரவு. நிக்ஷய் என்னும் கணினித் தளத்தில் பெயர் ஏறும். ஆனால் பெயர் ஏறியும் மனிதர் மரித்தார்கள். அந்த மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்ந்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து நம் அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கிற்று. நோய் கண்டறியப்பட்டவுடனே சில எளிய சோதனைகள்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் நீர் கோத்திருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எக்ஸ்ரேயும் வேண்டாம், இரத்தச் சோதனையும் வேண்டாம். ஒரு செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடலாம். இதில் ஆபத்து என்று தெரிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்த்து நன்றாய்க் கவனிக்கவேண்டும்.

கணினி இதிலும் உண்டு. ஆனால் அதனிடம் கேட்கும் கேள்விகள் வேறு. நோய் கண்ட நூறு பேரில் எத்தனை பேருக்கு இந்தச் சோதனை நடந்தது? ஆபத்தானவரில் எத்தனை பேர் படுக்கையில் சேர்க்கப்பட்டார்கள்? எத்தனை நாள் கழித்து? எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள்? ஒன்றோடொன்று கோத்த சங்கிலிபோல வருவதால், எந்தக் கண்ணியில் ஆட்கள் நழுவுகிறார்கள் என்பது மாவட்டந்தோறும் தெரிந்துவிடும். 2025இல், சோதனை எண்களை உள்ளிட்டவுடனே அந்த நோயாளிக்கு மரண ஆபத்து நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பிட்டுச் சொல்லும் கணக்கும் அதோடு சேர்க்கப்பட்டது. எங்கள் காசநோய்ப் பிரிவிலும் அந்தச் சோதனைகளைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். எடைபார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும், ஒரு கடிகாரமும்தான் செலவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டது; தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது; மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றுபோயின. எங்கள் கணினிகளும் ஊமையாயின. தினமும் இன்சுலின் போடுகிறவர்கள் யார், பேறுகாலம் நெருங்கிய தாய்மார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், இரத்தச் சுத்திகரிப்புக்கு யார் வரவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் பூட்டிக்கிடந்தன. மூத்த செவிலியர் ஒருவர் பழக்கதோஷத்தால் விடாமல் எழுதிவந்த கோடுபோட்ட நோட்டுப்புத்தகம்தான் அந்த வாரம் கைகொடுத்தது. அவர் இன்னும் நோட்டில் எழுதுகிறார் என்று அதற்குமுன் நாங்கள் கேலி செய்ததுண்டு. இப்போது சனிக்கிழமைதோறும் அந்தப் பட்டியலை அச்செடுத்து வார்டில் தொங்கவிடுகிறோம். மின்சாரம் இல்லாத நாளில் ஒரு நோயாளியின் மருந்து விவரம் எவ்வளவு நேரத்தில் கையில் கிடைக்கிறது என்று மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்து அந்த நிமிடங்களைக் குறிக்கிறோம். மாநில, தேசியக் குறியீடுகளிலும் இதைச் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். புயலும் வெள்ளமும் வரும் கரைக்கு இது ஆடம்பரமல்ல.

வேறொன்றையும் எண்ணத் தொடங்கியிருக்கிறோம்: எண் வேண்டாம் என்று சொல்லுகிறவர்களை. ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். இல்லாதவருக்குச் சிகிச்சை மறுக்கலாகாது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் தேசியச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. காசநோய் என்று தெரிந்தால் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்று அஞ்சும் தகப்பன், உப்பளத்தில் கூலிவேலை போய்விடும் என்று அஞ்சும் தாய், இவர்கள் பயம் வெறும் அறியாமையல்ல. 1870இல் டாக்டர் ஸ்ட்ராச்சன் நாசரேத்தில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இந்தப் பகுதியின் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு ஜனங்கள் வந்தது, இங்கே சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையினால்தான். ஒரு மாதத்தில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையானால், நாங்கள் சரியாகக் கேட்கவில்லை என்றே அர்த்தம்.

எண்ணுவதே விசுவாசக் குறைவு என்று சொல்லும் அன்பர்களும் உண்டு. தாவீது ராஜா ஜனத்தைத் தொகையிட்டதையும், அதனால் வந்த வாதையையும் எங்களுக்கு நினைப்பூட்டுகிறார்கள். சென்ற மடலில் நாங்கள் செய்தது ஏறக்குறைய தாவீதின் கணக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நூறு ஆடுள்ள மேய்ப்பன் மாலையில் எண்ணாமல் படுத்திருந்தால் ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்திராது. பத்துக் குஷ்டரோகிகள் சுகமடைந்த சம்பவத்திலும், திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டவர் கவனித்திருந்தார் அல்லவா?

கார்டு எழுதிய தாயாருக்குத் தனியே பதில் எழுதியிருக்கிறோம். ஒருவருக்காவது சுகம் கிடைத்ததா என்ற கேள்விக்கு, மூன்றாகச் சிதறிக்கிடந்த பதிவுகள் ஒன்றாக்கப்பட்டதால், ஒத்துக்கொள்ளாத பெனிசிலின் ஊசியிலிருந்து தப்பிய அந்த அம்மாளைப் பற்றி எழுத முடிந்தது. மற்றவர்களைப் பற்றி எழுத இன்னும் வீடு வீடாய்ப் போகவேண்டியிருக்கிறது.

ஜெபத்துக்காகச் சில காரியங்கள். வராத தாய்மாரைத் தேடித் திங்களும் வியாழனும் கிராமங்களுக்குப் போகும் இரண்டு செவிலியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஸ்கூட்டர் அடிக்கடி மணலில் நின்றுவிடுகிறது. கல்லூரி விடுமுறையில் வந்து இரட்டைப் பதிவுகளைத் திருத்திக்கொடுக்கும் வாலிபப் பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள். மழைக்காலத்துக்குமுன் பதிவு அறைக்குச் சூரிய மின் பேட்டரிகள் தேவைப்படுகின்றன. கோடுபோட்ட நோட்டுப்புத்தகங்களும் தேவை, 200 பக்கம், கெட்டி அட்டை போட்டது. குழந்தையை இழந்த அந்தத் தாய் மறுபடியும் கர்ப்பமாயிருக்கிறார்கள். இந்த முறை அவர்கள் பெயருக்கு நேரே மாமியாருடைய கைப்பேசி எண்ணும், தெருமுனைக் கடைக்காரருடைய எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த பரிசோதனை வருகிற வியாழக்கிழமை.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்